உங்கள் குடும்பப் படம் அந்த மென்பொருளைவிட்டு வெளியே வருமா?

தீபாவளி முடிந்து ஒரு வாரம் கழித்து உங்கள் கைப்பேசியைத் திறந்து பாருங்கள். முந்தின நாள் இரவு பாட்டி முறுக்கு பிழிந்தது, விடியற்காலையில் எண்ணெய் வைக்க மறுத்துத் தம்பி வீட்டைச் சுற்றி ஓடியது, திறந்த இல்ல உபசரிப்புக்கு வந்த நண்பர்கள் வாசல் கோலத்தின் முன் நின்று சிரித்தது என்று எல்லாம் அதில் இருக்கும். பத்து வினாடி, நாற்பது வினாடி, இரண்டு நிமிடம் என ஐம்பது அறுபது துண்டுகள் சேர்ந்திருக்கும். “இதையெல்லாம் சேர்த்து ஒரு படமாப் பண்ணிக் கொடேன்” என்று அத்தையோ சித்தியோ உங்களிடம்தான் கேட்பார்கள். வீட்டில் கணினி தெரிந்தவர் நீங்கள் ஆயிற்றே!

உடனே என்ன செய்வீர்கள்? தொடக்கநிலையினருக்கு ஏற்ற காணொளித் தொகுப்பு மென்பொருள் எது என்று இணையத்தில் தேடுவீர்கள். “சிறந்த பத்து” என்ற தலைப்பில் பட்டியல்கள் வந்து குவியும். ஒன்றில் ஐந்நூறு சிறப்புக் காட்சிகள், இன்னொன்றில் ஆயிரம் பாடல்கள், மற்றொன்றில் செயற்கை நுண்ணறிவு. ஒரு நிமிடத்தில் பதிவிறக்கம், ஐந்து நிமிடத்தில் படம் தயார் என்பார்கள்.

இந்தப் பட்டியல்கள் எல்லாம் ஒரு மென்பொருளுக்குள் நுழைவது எவ்வளவு எளிது என்பதையே சொல்கின்றன. வெளியே வருவது எவ்வளவு எளிது என்று சொல்வதில்லை. குடும்பப் படத்துக்கு அதுதான் முக்கியம் என்பது என் கருத்து. செய்து முடித்த படம் எந்த முத்திரையும் இல்லாமல் உங்கள் கைக்கு வருமா? அந்த நிறுவனம் நாளை கடையைக் கட்டினாலும் படம் உங்களிடம் இருக்குமா? பத்து ஆண்டுகள் கழித்து வேறொரு கணினியில் அது ஓடுமா? இந்தக் கேள்விகளுக்கு “ஆம்” என்று பதில் தரும் மென்பொருள்தான் தொடக்கநிலையினருக்கு நல்ல மென்பொருள். மற்ற வசதிகள் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பது புரிய, தொகுப்பு மென்பொருள் உள்ளே என்ன செய்கிறது என்று முதலில் பார்ப்போம்.

சமையல் குறிப்பும் சாமான்களும்

கோடாக் நிறுவனம் 1965ஆம் ஆண்டில் சூப்பர் 8 என்ற படச்சுருளை வீட்டுப் பயன்பாட்டுக்காகக் கொண்டுவந்தது. ஒரு சுருளின் நீளம் 50 அடி. வினாடிக்கு 18 படங்கள் என்ற வேகத்தில் எடுத்தால் மூன்று நிமிடம் இருபது வினாடிக்கு வரும். அதைத் தொகுக்க வேண்டுமென்றால் சுருளையே வெட்டி, வேண்டிய துண்டுகளை ஒட்ட வேண்டும். தவறான இடத்தில் வெட்டினால் அசல் சுருளே கெட்டது.

இன்றைய மென்பொருள் அப்படிச் செய்வதில்லை. நீங்கள் திரையில் ஒரு காட்சியை வெட்டும்போது அசல் கோப்பில் ஒரு புள்ளிகூட மாறுவதில்லை. “முறுக்குக் காட்சியில் 12ஆவது வினாடியிலிருந்து 19ஆவது வினாடி வரை எடுத்துக்கொள்; அதன் பிறகு கோலக் காட்சியில் முதல் ஐந்து வினாடியைக் காட்டு; அப்போது பாட்டின் ஒலியைப் பாதியாகக் குறை” என்று ஒரு பட்டியலைத்தான் மென்பொருள் எழுதிக்கொள்கிறது. அந்தப் பட்டியலுக்குத் திட்டக் கோப்பு என்று பெயர்.

இதைச் சமையல் குறிப்பு என்று நினைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் எடுத்த காணொளிகள் சாமான்கள். “எக்ஸ்போர்ட்” பொத்தானை அழுத்தும்போதுதான் குறிப்பைப் பார்த்துச் சமையல் நடக்கிறது. வெளியே வரும் எம்பி4 கோப்புதான் சமைத்த உணவு.

இதிலிருந்து மூன்று செய்திகள் கிடைக்கின்றன. முதலாவது, வெட்டப் பயப்பட வேண்டாம். அசல் பத்திரமாக இருக்கிறது. இரண்டாவது, திட்டக் கோப்புக்குள் பொதுவாகக் காணொளி இருப்பதில்லை. கைப்பேசியில் இடம் போதவில்லை என்று அசல் காணொளிகளை அழித்துவிட்டால், அடுத்த முறை திட்டத்தைத் திறக்கும்போது “கோப்பைக் காணவில்லை” என்றே வரும். சாமான் இல்லாமல் குறிப்பை மட்டும் வைத்துக்கொண்டு சமைக்க முடியுமா?

மூன்றாவதுதான் மிக முக்கியம். அந்தக் குறிப்பு அந்தந்த மென்பொருளுக்கே உரிய மொழியில் எழுதப்படுகிறது. ஒரு மென்பொருள் எழுதியதைப் பெரும்பாலும் இன்னொன்று படிக்காது. மென்பொருள் போய்விட்டால் குறிப்பும் பயனற்றதாகிவிடும். அப்போது உங்களிடம் மிஞ்சுவது அசல் காணொளிகளும், செய்து முடித்து வெளியே எடுத்த படமும் மட்டுமே.

“மென்பொருள் எங்கே போய்விடும்?” என்று கேட்பீர்கள். போயிருக்கிறது. 2000ஆம் ஆண்டில் விண்டோஸ் மி இயங்குதளத்துடன் வந்த மூவி மேக்கர், பல ஆண்டுகள் உலகெங்கும் மாணவர்களின் முதல் தொகுப்பு மென்பொருளாக இருந்தது. உங்கள் அண்ணன், அக்காவிடம் கேட்டால் நினைவு வைத்திருப்பார்கள். 2017 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் அதற்கான ஆதரவை நிறுத்திவிட்டது. இப்போது விண்டோஸ் 11உடன் வரும் கிளிப்சாம்ப், மூவி மேக்கரின் பழைய திட்டக் கோப்புகளைத் திறக்காது.

இன்னோர் எடுத்துக்காட்டு நீங்கள் அறிந்ததே. 2025 ஜனவரியில் அமெரிக்காவில் டிக்டாக் மீதான சட்டம் நடப்புக்கு வந்தபோது, அதே பைட்டான்ஸ் நிறுவனத்துக்குச் சொந்தமான கேப்கட் செயலியும் அங்கே வேலை செய்யாமல் நின்றது. பிறகு திரும்பி வந்தது என்பது வேறு. ஆனால், பாதி செய்த படத்தை அதில் மட்டுமே வைத்திருந்த ஒருவருக்கு அந்த நாள் எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். படம் எடுத்தவருக்கும் அந்தச் சட்டத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

உங்களுக்குத் தேவை நான்கு வேலைகள்தான்

குடும்பப் படத்துக்கு மென்பொருள் எவ்வளவு செய்ய வேண்டும்? வேண்டாத பகுதியை வெட்ட வேண்டும். துண்டுகளை வரிசையாக அடுக்க வேண்டும். ஒலியைக் கூட்டவும் குறைக்கவும் வேண்டும். எழுத்துப் போட வேண்டும். வெட்டு, வரிசை, ஒலி, எழுத்து. இந்த நான்கையும் செய்யாத தொகுப்பு மென்பொருள் இன்று அரிது. ஆகவே “ஐந்நூறு சிறப்புக் காட்சிகள்” என்பதை நீங்கள் கணக்கிலேயே எடுக்க வேண்டியதில்லை. எரியும் எழுத்துகளும் சுழலும் திரைகளும் முதல் நாள் வேடிக்கையாக இருக்கும். மூன்றாம் முறை பார்க்கும்போது பாட்டியின் முகத்தை மறைக்கும்.

நான்கில் மாணவர்கள் அதிகம் கவனிக்காமல் விடுவது ஒலியை. பாட்டுப் போட்டுவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறோம். பேசும் குரலை ஒரு தடத்திலும் பாட்டை வேறொரு தடத்திலும் வைத்து, ஒவ்வொன்றையும் தனித்தனியே கூட்டிக் குறைக்க முடிகிறதா என்று பாருங்கள். பத்து ஆண்டுகள் கழித்து அந்தப் பாட்டை எங்கு வேண்டுமானாலும் கேட்கலாம். தாத்தாவின் குரலை இந்தக் கோப்பில் மட்டும்தான் கேட்க முடியும்.

தேர்வு செய்யும் முன் நான்கு சோதனைகள்

பட்டியல்களை நம்ப வேண்டாம். நீங்கள் அறிவியல் படிக்கும் மாணவர்கள். நீங்களே சோதித்துப் பாருங்கள். பத்து வினாடி காணொளி ஒன்று போதும்.

முதல் சோதனை: கடைசிப் பொத்தானை முதலில் அழுத்துங்கள். பத்து வினாடிக் காணொளியை உள்ளே கொண்டுவந்து, எதையும் செய்யாமல் உடனே எக்ஸ்போர்ட் செய்யுங்கள். 1080பி தரத்தில் வருகிறதா? மூலையில் நிறுவனத்தின் வாட்டர்மார்க் விழுகிறதா? பணம் கேட்கிறதா? சில செயலிகள் மூன்று மணி நேரம் உங்களை உட்கார்ந்து உழைக்க விட்டுவிட்டு, கடைசியில்தான் மாதச் சந்தாவைப் பற்றிப் பேசும். இவ்வளவு உழைத்துவிட்டோமே என்று நாமும் அம்மாவிடம் போய் ரிங்கிட் கேட்போம். தொடக்கத்திலேயே அந்தக் கதவைத் தட்டிப் பார்த்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

இரண்டாம் சோதனை: உங்கள் கணினி தாங்குகிறதா? இதற்குச் சின்னக் கணக்கு ஒன்று போடுவோம். 1080பி காணொளியில் ஒரு ஃபிரேமில் 1920 × 1080, அதாவது 2,073,600 படப்புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று பைட்டுகள். ஆக ஒரு ஃபிரேம் ஏறக்குறைய 6.2 மெகாபைட். வினாடிக்கு 30 ஃபிரேம் என்றால் சுமார் 187 மெகாபைட். ஒரு நிமிடத்துக்கு 11 கிகாபைட்டைத் தாண்டும்!

ஆனால் உங்கள் கைப்பேசியில் ஒரு நிமிடக் காணொளி அவ்வளவு இடம் பிடிப்பதில்லை. ஐபோனில் எச்.264 என்ற சுருக்க முறையில் ஏறக்குறைய 130 மெகாபைட்டும், எச்இவிசி என்ற புதிய முறையில் ஏறக்குறைய 60 மெகாபைட்டும்தான் ஆகிறது. எப்படி? பாட்டி முறுக்கு பிழியும் காட்சியில் பின்னால் இருக்கும் சுவர் அசைவதில்லை. அதை வினாடிக்கு 30 முறை எதற்குச் சேமிக்க வேண்டும்? ஆகவே கைப்பேசி எப்போதாவது ஒருமுறை முழுப் படத்தைச் சேமிக்கிறது. இடைப்பட்ட ஃபிரேம்களில் பாட்டியின் கை, எண்ணெய்க் குமிழி போன்ற மாற்றங்களை மட்டும் குறித்துக்கொள்கிறது.

பார்ப்பதற்கு இது நல்ல ஏற்பாடு. தொகுப்பதற்குச் சிரமம். நீங்கள் நடுவில் ஒரு ஃபிரேமைத் தொட்டால், கணினி அதற்கு முன்னால் உள்ள முழுப் படத்துக்குத் திரும்பிச் சென்று, மாற்றங்களை ஒவ்வொன்றாகச் சேர்த்து அந்த ஃபிரேமை உருவாக்கிக் காட்ட வேண்டும். பழைய மடிக்கணினியில் காட்சி திக்கித் திணறுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். மென்பொருள் கெட்டது என்று உடனே முடிவு கட்டாதீர்கள். அதில் “பிராக்ஸி” வசதி இருக்கிறதா என்று பாருங்கள். பிராக்ஸி என்பது அசலின் சிறிய நகல். தொகுக்கும்போது சிறிய நகலைக் காட்டி, எக்ஸ்போர்ட் செய்யும்போது அசலைப் பயன்படுத்தும். படம் எடுக்கும்போதே 4கே வேண்டாம், 1080பி போதும் என்று வைத்துக்கொண்டாலும் பாரம் குறையும். 4கே காணொளியில் படப்புள்ளிகள் சரியாக நான்கு மடங்கு.

மூன்றாம் சோதனை: வைஃபையை அணைத்துவிடுங்கள். இப்போதும் மென்பொருள் வேலை செய்கிறதா? செய்தால் தொகுப்பு வேலை உங்கள் கருவியிலேயே நடக்கிறது என்று பெரும்பாலும் நம்பலாம். செய்யாவிட்டால், உங்கள் காணொளி எங்கே போகிறது, யாருடைய கணினியில் தங்குகிறது என்று கேட்க வேண்டியது உங்கள் கடமை. அதில் இருப்பது உங்கள் முகம் மட்டுமா? துண்டு கட்டிக்கொண்டு ஓடும் தம்பி இருக்கிறான். குடும்பச் சங்கதி பேசும் மாமா இருக்கிறார். அவர்கள் உங்களை நம்பித்தான் கேமராவின் முன் நின்றார்கள். பெயர் தெரியாத ஒரு நிறுவனத்தை நம்பி நிற்கவில்லை.

நான்காம் சோதனை: தலைப்பில் “கோலாலம்பூர்” என்று தட்டிப் பாருங்கள். பட்டியல்கள் எதிலும் இந்தச் சோதனையை நீங்கள் பார்க்க மாட்டீர்கள். தமிழுக்கு இது மிக அவசியம். “கோ” என்ற எழுத்தை யூனிகோடு முறையில் கணினி எப்படிச் சேமிக்கிறது தெரியுமா? முதலில் “க”, அதற்குப் பிறகு ஓகாரக் குறி. ஆனால் திரையில் அந்தக் குறியின் ஒரு பாதி ககரத்துக்கு முன்னாலும் மறுபாதி பின்னாலும் வர வேண்டும். அப்படிப் பிரித்து இடம் மாற்றி வைக்கும் வேலையை மென்பொருளின் எழுத்து வடிவமைப்புப் பகுதி செய்ய வேண்டும். ஆங்கிலத்தை மட்டும் மனத்தில் வைத்து எழுதப்பட்ட மென்பொருளுக்கு இது தெரியாது. கொம்பு ஓரிடத்திலும் கால் ஓரிடத்திலும் சிதறிக் கிடக்கும், அல்லது புள்ளி வட்டம் ஒன்று தோன்றும்.

அப்படிச் சிதறினால் என்ன செய்வது? தலைப்பைப் படம் வரையும் மென்பொருளில் எழுதி, பின்னணி இல்லாத பிஎன்ஜி படமாகச் சேமித்து, அதைக் காணொளியின் மேல் வையுங்கள். வேலை நடக்கும். ஆனால் “தமிழ் வரவில்லை, ஆங்கிலத்திலேயே போட்டுவிடலாம்” என்று மட்டும் விட்டுவிடாதீர்கள். தாத்தாவின் பெயரைத் தாத்தா எழுதியபடியே போடுவதுதான் முறை.

அப்படியானால் எதைத் தேர்ந்தெடுப்பது?

வீட்டில் ஐபோன், ஐபேட் அல்லது மேக் இருந்தால் ஐமூவியிலிருந்து தொடங்குங்கள். 1999இல் வந்த மென்பொருள் அது. இலவசம், வாட்டர்மார்க் இல்லை, நான்கு வேலைகளையும் அடக்கமாகச் செய்யும். குறை என்னவென்றால், ஆப்பிள் கருவிகளில் மட்டுமே ஓடும். நாளை நீங்கள் விண்டோஸ் கணினிக்கு மாறினால் திட்டக் கோப்பு உங்களோடு வராது. ஆகவே படத்தை முடித்து எம்பி4 அல்லது எம்ஓவி கோப்பாக எடுத்து வைத்த பிறகே அடுத்த வேலைக்குப் போங்கள்.

விண்டோஸ் என்றால் இரண்டைச் சொல்வேன். கிளிப்சாம்ப் எளிது, இலவசப் பதிப்பிலேயே 1080பி தரத்தில் வாட்டர்மார்க் இல்லாமல் படம் கிடைக்கும். ஆனால் கணக்கு தொடங்கி உள்நுழைய வேண்டும், இணைய இணைப்பையும் எதிர்பார்க்கும். ஷாட்கட் முதல் பார்வைக்கு வறட்சியாகத் தெரியும். பழகச் சில நாள் பிடிக்கும். இருந்தும் குடும்பப் படத்துக்கு என் ஓட்டு ஷாட்கட்டுக்குத்தான். அது திறந்த மூல மென்பொருள். கணக்கு கேட்பதில்லை, சந்தா இல்லை, வாட்டர்மார்க் இல்லை. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். பிராக்ஸி வசதியும் உண்டு.

இன்னொரு காரணமும் இருக்கிறது. ஷாட்கட் திட்டக் கோப்பை நோட்பேடில் திறந்து பாருங்கள். அது சாதாரண எழுத்துக் கோப்புதான். எந்தக் காணொளி, எந்த நேரத்தில் தொடங்கி எந்த நேரத்தில் முடிகிறது என்று வரிசையாக எழுதியிருக்கும். நான் மேலே சொன்ன சமையல் குறிப்பை உங்கள் கண்ணாலேயே படிக்கலாம். மென்பொருளே இல்லாமல் போனாலும், எந்தக் காட்சிக்குப் பிறகு எந்தக் காட்சி என்பதை அதைப் பார்த்து மீண்டும் அடுக்கிவிட முடியும். வெளியே வரும் வழி என்று நான் சொல்வது இதைத்தான். கேடென்லைவ் என்ற இன்னொரு திறந்த மூல மென்பொருளையும் இதே வரிசையில் வைக்கலாம்.

டாவின்சி ரிசால்வ் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். திரைப்படங்களுக்கு வண்ணம் சீர்செய்யும் தொழிலிலிருந்து வளர்ந்த மென்பொருள் அது. இலவசப் பதிப்பே ஆச்சரியப்படும் அளவுக்கு வசதிகள் கொண்டது. ஆனால் நல்ல கிராஃபிக்ஸ் அட்டையும் 16 கிகாபைட் நினைவகமும் எதிர்பார்க்கும். சைக்கிள் பழகும் முன் லாரி ஓட்ட வேண்டுமா? இரண்டு படம் செய்து முடித்துவிட்டு அந்தப் பக்கம் போங்கள்.

கணினியே இல்லை, ஆண்ட்ராய்டு கைப்பேசி மட்டும்தான் என்றால் கவலை வேண்டாம். பிளே ஸ்டோரில் எந்தச் செயலியை எடுத்தாலும் மேலே சொன்ன நான்கு சோதனைகளையும் வையுங்கள். தேறினால் வைத்துக்கொள்ளுங்கள், தேறாவிட்டால் நீக்கிவிடுங்கள்.

“எல்லாரும் கேப்கட்தானே பயன்படுத்துகிறார்கள்?”

இந்தக் கேள்வி வரும் என்று தெரியும். கேப்கட் விரைவானது, பழக எளிது. விளையாட்டுப் போட்டி நாளில் எடுத்த அரை நிமிடக் காட்சியை வகுப்பு வாட்ஸ்ஆப் குழுவில் போட அதைவிட எளிய வழி இருக்காது. அதற்கு அதைப் பயன்படுத்துங்கள், நான் தடுக்கவில்லை. வாரம் கடந்தால் மறந்துபோகும் காணொளிக்கு வெளியேறும் வழியைப் பற்றி யாரும் கவலைப்படத் தேவையில்லை.

குடும்பப் படம் வேறு வகை. அத்தகைய செயலிகளில் “டெம்ப்ளேட்” என்ற தயார் வடிவம் இருக்கும். பாட்டின் தாளத்துக்கு ஏற்ப ஒவ்வொரு காட்சியையும் இரண்டு வினாடியில் வெட்டித் தள்ளும். உங்கள் வீட்டுத் தீபாவளியும் பக்கத்து வீட்டுத் தீபாவளியும் ஒரே அச்சில் வந்து விழும். நம் தாத்தா பாட்டிகளில் பலர் ரப்பர் தோட்டங்களில் பிறந்து வளர்ந்தவர்கள். அவர்கள் குடியிருந்த லயங்கள் பல இடங்களில் இன்று இல்லை. அங்கே செம்பனை நிற்கிறது, அல்லது தாமான்கள் எழும்பிவிட்டன. விடியுமுன் எழுந்து பால்மரம் வெட்டப் போனதை, தோட்டத்துக் கோயில் திருவிழாவை, வெள்ளித்திரை கட்டிப் படம் காட்டிய இரவைப் பாட்டி சொல்லத் தொடங்கினால், அதற்கு நான்கு நிமிடம் வேண்டும். நடுவில் அவர் நிறுத்தி யோசிக்கும் மௌனமும் வேண்டும். எந்த டெம்ப்ளேட்டும் அந்த மௌனத்தை விட்டுவைக்காது. எதை வெட்டுவது, எதை விடுவது என்ற முடிவை நீங்கள் எடுக்க வேண்டும்.

“எல்லாம் கூகள் போட்டோஸில் இருக்கிறதே, எதற்கு இவ்வளவு கவலை?” என்றும் சிலர் கேட்கலாம். அளவில்லாத இலவசச் சேமிப்பு என்று தொடங்கிய அந்தச் சேவை, 2021 ஜூன் 1 முதல் புதிதாக ஏற்றுபவற்றை 15 கிகாபைட் இலவச வரம்புக்குள் கணக்கிடத் தொடங்கியது. இலவசம் என்பது நிறுவனத்தின் முடிவு, அது மாறலாம். ஒரு நகலை அங்கே வையுங்கள். ஒரே நகலாக அங்கே வைக்காதீர்கள்.

வெளியேறும் வழியைத் திறந்து வைப்பது எப்படி?

மென்பொருளைத் தேர்ந்தெடுத்த பிறகு சில பழக்கங்கள் வேண்டும்.

ஆண்டையும் நிகழ்ச்சியையும் பெயராகக் கொண்டு ஒரு கோப்புறை உருவாக்குங்கள். அதற்குள் “அசல்”, “திட்டம்”, “படம்” என்று மூன்று உட்கோப்புறைகள். முதலில் எல்லாக் காணொளிகளையும் “அசல்” கோப்புறையில் போட்டுவிட்டு, அதன் பிறகே தொகுக்கத் தொடங்குங்கள். நடுவில் இடம் மாற்றினால் குறிப்புக்குச் சாமான் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் போய்விடும்.

உறவினர்களிடமிருந்து காணொளி வாங்கும்போது வாட்ஸ்ஆப்பில் சாதாரணமாக அனுப்பச் சொல்லாதீர்கள். அது காணொளியை மேலும் சுருக்கிவிடும். ஒருமுறை இழந்த தரம் திரும்பி வராது. “ஆவணம்” என்ற வழியில் அனுப்பச் சொல்லுங்கள். அல்லது கேபிள் வழியாக நேராக எடுங்கள்.

படம் முடிந்ததும் எம்பி4 வடிவில், எச்.264 முறையில் வெளியே எடுங்கள். 2003இல் உருவான தரநிலை அது. இன்று அதை ஓட்டாத கருவியைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். 2013இல் வந்த எச்இவிசி இன்னும் சிறிதாகச் சுருக்கும் என்பது உண்மைதான். ஆனால் சில விண்டோஸ் கணினிகளில் கூடுதல் இணைப்பு நிறுவினால்தான் திறக்கும். பிறருக்குக் கொடுக்கும் படத்துக்கு அந்தத் தொல்லை வேண்டாம்.

“அசல்”, “படம்” ஆகிய இரண்டையும் இரண்டு இடங்களில் வையுங்கள். ஒன்று வீட்டுக் கணினி, மற்றொன்று வெளி வன்தட்டு அல்லது தம்ப் டிரைவ். இரண்டும் ஒரே பையில் இருந்தால் பை தொலையும்போது இரண்டும் தொலையும். ஒன்றைச் சித்தி வீட்டில் வைத்தால் நல்லது.

முகம் தெரியும் எல்லாரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு அனுப்புங்கள். வீட்டுக்குள் பார்க்கச் சம்மதித்தவர் யூடியூபில் வரச் சம்மதித்தவர் ஆகமாட்டார்.

இந்த வாரம் நீங்கள் செய்ய வேண்டியது சிறிய வேலைதான். ஒரு மென்பொருளை நிறுவுங்கள். பத்து வினாடிக் காணொளி, தமிழில் ஒரு தலைப்பு, வைஃபை அணைத்த நிலையில் ஓர் எக்ஸ்போர்ட். வெளியே வந்த கோப்பைத் தம்ப் டிரைவில் போட்டு, வேறொருவர் வீட்டுத் தொலைக்காட்சியில் செருகிப் பாருங்கள். தலைப்பு சிதறாமல், முத்திரை இல்லாமல் அது அங்கே ஓடினால் உங்களுக்கு ஏற்ற மென்பொருள் கிடைத்துவிட்டது. அத்தைக்குச் “செய்து தருகிறேன்” என்று சொல்லிவிடலாம்.